பஞ்சடைத்த சலங்கை

நம்மில் பலருக்கு இன்றும் கதவைச் சத்தம் வராமல் சாத்தத்தான் தெரியும். கல்லூரி விடுதியில் என்னோடு தங்கியிருந்த ஈரோட்டுப் பெண், நான் அறைக்குள் வந்து நிற்பதே தெரியாமல் பலமுறை பயந்திருக்கிறாள். உங்களுக்கும் யாராவது இப்படிச் சொல்லியிருப்பார்கள். மண்ணூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளைகளின் பழக்கம் இது. நாம் படித்த காலத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்த யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டிவியில் படத்தை மட்டும் ஓடவிட்டுக் கதையை நாமே யூகித்துக்கொள்வோம். மிக்சியைப் பொழுது சாய்ந்த பிறகுதான் போடுவார்கள். விசில் வருவதற்கு முன்பே குக்கர் அடுப்பை அணைத்துவிடுவதால் எங்கள் வீட்டுப் பருப்பு எப்போதும் அரை வேக்காடு.

நமக்கு முப்பதுகூட ஆகவில்லை, உட்கார்ந்து பழங்கதை பேசும் வயதா என்று கேட்பீர்கள். ஆனால் நாம் படித்த பள்ளிக்கூடமே இப்போது இல்லை. அந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. நாம் வரிசையில் நின்று பிரேயர் சொன்ன மைதானத்தில் டிரைவர்கள் ஸ்டவ் வைத்துச் சமைக்கிறார்கள். இடம் மாறிய வேகத்தைப் பார்த்தால் நமக்கு எழுபது வயது ஆகிவிட்டது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. அதனால் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பில், ஆண்டு விழாவுக்காக நான் ஆடக் கற்றுக்கொண்ட மாதங்களைப் பற்றி. உங்களில் சிலர் என்னை அப்போது பூனை என்று கூப்பிட்டீர்கள். அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதும் இதில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். இதை எங்கே வேண்டுமானாலும் தலை நிமிர்ந்து சொல்வேன். அப்பா கையெழுத்துப் போடுவார், அதுவும் நான் கையைப் பிடித்து எழுதவைத்த கையெழுத்து. அம்மாவுக்குக் கைநாட்டு. கம்பெனிகளுக்கு நிலத்தைக் கொடுத்து வந்த பணத்தில் அப்பா எங்கள் வீட்டு மாடியில் ஷீட் கூரை போட்டு அறைகள் கட்டினார். தெற்கிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பெண்கள் அவற்றில் வாடகைக்கு இருந்தார்கள். அப்பா ஒரு குடோனில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார். அம்மா, போனுக்குள் வைக்கும் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டர் மூலமாக ஹவுஸ்கீப்பிங் வேலையில் இருந்தாள். பாகங்களைப் பொருத்தும் லைனில் நின்று வேலை செய்ய வேண்டுமென்றால் படித்திருக்க வேண்டும். அம்மா லைனைச் சுற்றியிருந்த தரையைத் துடைத்தாள்.

டான்ஸ் மிஸ்ஸை உங்களுக்கு நினைவிருக்கும். நம் பள்ளியின் ஆசிரியை இல்லை அவர். ஆண்டு விழாக் காலத்துக்கு மட்டும் பூந்தமல்லியிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். வகுப்புக்குள் வந்து உயரம் பார்த்து, நீ, நீ, நீ என்று எழுப்பி நிறுத்தினார். நின்றவர்கள் எல்லாம் ஆட வேண்டும். எட்டுப் பெண்கள். உடை, மேக்கப், பயிற்சி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை கேட்டார்கள். சலங்கை மட்டும் அதில் சேராது. அதைச் சொந்தமாக வாங்க வேண்டும் என்றார் மிஸ். வாடகைச் சலங்கை காலுக்குப் பழகாதாம். தினமும் வீட்டில் கட்டிக்கொண்டு ஆடிப் பார்த்தால்தான் மேடையில் கால் எழும்புமாம். பள்ளிக்குக் கொண்டுவர வேண்டாம், தொலைந்தால் தான் பொறுப்பில்லை, பக்கத்து அறையில் பத்தாம் வகுப்புக்குத் தேர்வு வேறு நடக்கிறது என்றும் சொன்னார்.

பள்ளிக்கூடத்திலிருந்து எது வந்தாலும் அம்மாவுக்கு அது அரசாங்க உத்தரவு. நான் வந்து சொன்னதும் அப்பாதான் முதலில் வாயைத் திறந்தார்.

“இன்னாத்துக்கு இப்ப ஆட்டம்? படிக்கத்தான அனுப்பறோம், கூத்து கட்டவா அனுப்பறோம்?”

“உனுக்கு தெரியாது, நீ சும்மா இரு,” என்றாள் அம்மா. “பள்ளிகோடத்துல சொன்னா அதுவும் படிப்புதான். ஆடாத புள்ளைய பெயிலு போட்டா நீ போயி கேப்பியா?”

அப்பா போய்க் கேட்டிருக்க மாட்டார். பள்ளியின் கேட்டில் நிற்கும் வாட்ச்மேனிடம் மட்டும்தான் அவர் சகஜமாகப் பேசுவார். உங்களில் இரண்டு பேர் வீட்டில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மிஸ் முகத்தைச் சுளித்துவிட்டு வேறு இரண்டு பேரை எழுப்பி நிறுத்தினார், அவ்வளவுதான். பள்ளியிடம் முடியாது என்று சொல்லலாம் என்பது படித்த வீடுகளுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டுக்கு அது தெரிய இன்னும் பல வருடங்கள் ஆயின.

கேட்ட தொகைக்கு அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் வேலையில் ஷிப்ட் வாரத்துக்கு ஒருமுறை மாறும். நைட் ஷிப்டுக்குத் தனியாகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பார்கள். யாரும் அதை விரும்பிக் கேட்பதில்லை. கைக்குழந்தை வைத்திருந்தவர்கள், மாமியார் திட்டுகிற வீட்டுக்காரிகள், எல்லோருடைய நைட்டையும் அம்மா வாங்கிக்கொண்டாள். சூப்பர்வைசருக்கும் அது வசதி. தீபாவளி கழிந்த வாரத்திலிருந்து ஆண்டு விழா வரைக்கும் தொடர்ச்சியாக நைட் என்று பேசி முடித்துவிட்டு வந்தாள். “பேயி மாரி ஆவப் போற,” என்றார் அப்பா. “பேய்க்கு லீவு குடுக்கறாங்களாம், எனுக்கு அது கூட கெடையாது,” என்றாள் அம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

காலையில் நான் சடை பின்னிக்கொண்டிருக்கும்போது கம்பெனி வேன் சாலைகள் பிரியும் கூட்ரோட்டில் இறக்கிவிட, அம்மா நடந்து வருவாள். நீலச் சேலை, மேலே சாம்பல் நிறக் கோட்டு. பினாயில் வாசனை அவளுக்கு முன்னால் வாசலுக்கு வந்துவிடும். விரல் நுனிகளில் தோல் வெள்ளையாக ஊறி, ஓரங்களில் உரிந்திருக்கும். இரவு சாப்பாட்டோடு கொடுக்கும் பன்னை அவள் தின்னாமல் எனக்காகப் பையில் வைத்துக் கொண்டுவருவாள். இன்டர்வெல்லில் உங்களோடு பங்குபோட்டுத் தின்றது அந்தப் பன்தான். மருந்து வாசனை அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே தின்றீர்கள்.

சலங்கை வாங்கக் குன்றத்தூர் போனோம். மலைக்கோயிலுக்குக் கீழே, கல்யாண செட் நகைகளை வாடகைக்கு விடுகிற கடைகளில் ஒன்று. அம்மா அன்றும் வேலை முடித்து வந்தவள், தூங்கவில்லை. கடைக்காரர் மூன்று ஜோடி எடுத்து வைத்தார். அம்மா ஒவ்வொன்றையும் காதருகில் கொண்டுபோய்க் குலுக்கினாள். விலையைக்கூட அப்புறம்தான் கேட்டாள். முதல் ஜோடி ஐஸ் வண்டிக்காரன் மணி மாதிரி இருக்கிறதென்று ஒதுக்கினாள். கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவதைக் குலுக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். சிவப்புத் தோல் பட்டையில் வரிசையாகத் தைத்த சின்னச் சின்னப் பித்தளை மணிகள். புதுத்தோல் வாசனை. அவளே குனிந்து என் காலில் கட்டி, நடக்கச் சொன்னாள். கடைக்குள் இரண்டு அடிதான் நடக்க இடம் இருந்தது. “நல்லா கீது,” என்றாள். திரும்பி வரும் பேருந்தில் சலங்கைப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி என் தோளில் தூங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் நான் சலங்கையைக் கட்டினேன். அம்மா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். மாடியிலும் தூக்கம். முன்னறையில் மிஸ் சொன்ன மாதிரி பாதத்தை ஓங்கித் தரையில் அறைந்தேன். ஒரு அடி, இரண்டு அடி. மூன்றாவது அடிக்கு மாடிப்படியில் ஆள் வந்துவிட்டார்.

மாடியில் இருந்தவர்களிலேயே அந்த அக்காதான் என்னோடு அதிகம் பேசுவார். திருநெல்வேலிப் பக்கம் ஏதோ ஒரு கிராமம். லைனில் வேலை. தலைமுடி ஒரு பக்கம் அமுங்கி, கண் சிவந்து நின்றார்.

“ஏட்டி, நைட்டு முடிச்சிட்டு வந்து இப்பம்தான் கண்ண அசந்தேன். தலைக்குள்ள குடுகுடுப்பக்காரன் நிக்க மாதிரி இருக்கு.”

நான் அழத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன். அக்கா உட்கார்ந்து என் காலிலிருந்து சலங்கையை அவிழ்த்தார். உள்ளறையை எட்டிப் பார்த்தார். அம்மா விழிக்கவில்லை. “ஒன்னய ஏசவா செஞ்சேன்? அழாத. இரு, ஒரு வேல செய்வோம்,” என்று மேலே போய் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார். லைனில் துடைப்பதற்குக் கொடுக்கும் வெள்ளைப் பஞ்சு. தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, பஞ்சைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, ஒவ்வொரு மணியின் பிளவுக்குள்ளும் திணித்தார். உள்ளே இருக்கும் குண்டு அசையாத அளவுக்கு. நிதானமான வேலை. கம்பெனியில் இதைவிடச் சின்னத் துளையில் இதைவிடச் சின்னதை வைக்கிறேன் என்றார். இரண்டு காலுக்கும் முடித்துவிட்டுக் குலுக்கிக் காட்டினார். கூழாங்கல்லைப் பைக்குள் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு மந்தமான ஓசை, அவ்வளவுதான்.

“இப்பம் ஆடு. விழாவன்னைக்கு பஞ்ச நானே எடுத்துத் தாரேன்.”

அப்படித்தான் நான் ஆடிப் பழகினேன். தரையில் கோரைப்பாய், அதன் மேல் மடித்த போர்வை. பாதத்தின் வெளி ஓரத்தை முதலில் வைத்து, பிறகு மெல்ல உள்பக்கம் சாய்த்து, கடைசியில் குதிகாலை இறக்கினால் சத்தமே வராது. பாட்டை மனதுக்குள் ஓட்டிக்கொள்வேன். குதிக்கும் இடங்களில் குதிக்காமல் எம்பி நின்றுவிட்டு இறங்குவேன். அம்மா எழுந்திருக்கும் நேரத்தில் சலங்கை ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். பஞ்சு வைத்தது அவளுக்குத் தெரியாது. பழகினாயா என்று கேட்பாள், பழகினேன் என்பேன். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

பள்ளியில் பயிற்சியின்போது மிஸ் என் காலைத்தான் பார்த்தார். எட்டுப் பேரில் என் கால் மட்டும் தரையில் கேட்கவில்லை. நான் ஓங்கி வைக்கத்தான் நினைப்பேன். ஆனால் தரைக்கு அருகில் போனதும் பாதம் தானாக ஓரத்துக்குச் சாயும்.

“தரைய தட்டுடி, தடவாத,” என்றார் மிஸ். நீங்கள் சிரித்தீர்கள். அன்றைக்குத்தான் யாரோ பூனை என்றீர்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு மிஸ் என்னை முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு மாற்றினார், கடைசி ஓரத்துக்கு. கட்டிய தொகை எல்லோருக்கும் ஒன்றுதான். எனக்கு வருத்தமாக இருந்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். இருந்ததாக நினைவில் இல்லை. இடம் மாறியதால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்ற குழப்பம்தான் நினைவில் இருக்கிறது.

அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை, நான் ஆடுவதைப் பார்ப்பது. அதுவரை என் பள்ளியில் நடந்த எதையும் அவள் பார்த்ததில்லை. எல்லா விழாவும் அவளுடைய ஏதோ ஒரு ஷிப்டில்தான் வரும். இந்த முறை கணக்குப் போட்டு வைத்திருந்தாள். விழா மாலையில் தொடங்குகிறது, எங்கள் ஆட்டம் நாலாவது, அவள் வேன் கூட்ரோட்டுக்கு வருவது இரவு ஒன்பதுக்கு மேல். பார்த்துவிட்டுப் பொறுமையாகவே நடந்து போகலாம். லீவு கேட்க வழியில்லை. அந்த வாரம் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் கம்பெனியைப் பார்வையிட வருகிறார்கள், ஒரு நாள் வராவிட்டாலும் கம்பெனி அடையாள கார்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று சூப்பர்வைசர் எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லியிருந்தார். அம்மாவின் வேலை அந்த ஒரு வாரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது நன்றாகவே தெரியும்.

விழா அன்று மதியமே மேக்கப்புக்கு வரச் சொல்லிவிட்டார்கள். மாடி அக்கா இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் சலங்கையை ஆணியிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனேன். பஞ்சை எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சலங்கை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று கால் பழகிப்போயிருந்தது.

நாம் ஆறாம் வகுப்பு அறையில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தோம். உடை வந்த மூட்டையில் வேறு யாரோ போட்டுக் கழற்றிய வியர்வை நாற்றம். பச்சைப் பாவாடை, ஜரிகை ஒட்டிய மேல்துணி, எனக்கு இடுப்பில் இரண்டு ஊக்கு. ஒரே பஞ்சில் எட்டு முகத்துக்கும் பூசினார்கள். உதட்டுச் சாயம் மெழுகு மாதிரி இனித்தது. பிறகு காத்திருந்தோம்.

சிறப்பு விருந்தினர் வரவில்லை. ஏதோ கம்பெனியின் பெரிய அதிகாரி. ஒரகடம் சாலையில் ட்ரெய்லர் லாரி குறுக்கே நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். அவர் வராமல் விளக்கேற்ற முடியாது, விளக்கேற்றாமல் ஒன்றும் தொடங்க முடியாது. வந்த பிறகு சால்வை, அதன் பிறகு ஆண்டறிக்கை, அதன் பிறகு அவர் பேச்சு. குழந்தைகள் பெரிய கனவு காண வேண்டும் என்று பேசினாராம். எல்.கே.ஜி. பிள்ளைகள் ஒரு பக்கம் முயல் காதோடு தூங்கிவிட்டிருந்தார்கள்.

வெளியே நடந்ததை எனக்குச் சொன்னவர் மாடி அக்கா. அன்றிரவு அவருக்கு வார விடுமுறை என்பதால் அம்மாவோடு வந்திருந்தார். அம்மா நீலச் சேலையில்தான் வந்திருந்தாள், கோட்டு பையில் இருந்தது. முன்னால் இருந்த நாற்காலிகள் விருந்தினர்களுக்கு. நடுவில் உட்கார்ந்தால் எழுந்து வருவது கஷ்டம் என்று அம்மா கடைசியில், கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாளாம். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அக்கா சொல்லிப் பார்த்திருக்கிறார்.

“யக்கா, நீங்க கெளம்புங்க. நா இருந்து பாத்து, காலைல ஒண்ணு விடாம சொல்லுதேன்.”

“நீ பாத்தா நான் பாத்த மாரி ஆவுமா?”

மூன்று நிகழ்ச்சிகள் முடிந்தன. எங்கள் ஆட்டத்தின் பெயரை மைக்கில் அறிவித்தும் விட்டார்கள். நாங்கள் மேடைப் படியில் ஏறிவிட்டோம். அப்போது எல்.கே.ஜி. மிஸ் ஓடிவந்து, முயல்கள் தூங்கி விழுகின்றன, ஒன்றிரண்டு அழுகின்றன, முதலில் இவர்களை விட்டுவிடலாம் என்றார். எங்களைப் படியிலிருந்து இறக்கிவிட்டார்கள். திரை விலகியபோது அம்மா பார்த்தது முயல்களை. ஒரு முயல் மேடையில் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்தது. எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாளாம். அதன் பிறகு பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி ஓடினாள்.

அவள் கூட்ரோட்டை அடைந்தபோது வேன் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. கை தட்டியிருக்கிறாள், கத்தியிருக்கிறாள். டிரைவர் பார்க்கவில்லை. ஷேர் ஆட்டோவில் போனாலும் அந்த நேரத்துக்குமேல் கம்பெனி கேட்டில் விட மாட்டார்கள் என்பதால், வந்த வழியே திரும்பி நடந்தாள்.

அதே நேரத்தில் நான் ஆடிக்கொண்டிருந்தேன். மேடையின் இரண்டு பக்கமும் ஆள் உயர ஸ்பீக்கர்கள். பாட்டு தொடங்கியதும் பலகையே அதிர்ந்தது. பாதி ஆட்டத்தில், என் காலிலிருந்து மணிச்சத்தம் வரவில்லை என்பது திடீரென்று உறைத்தது. பஞ்சு நினைவுக்கு வந்தது. பயந்துபோய் பக்கத்தில் ஆடியவளின் காலைப் பார்த்தேன். அவள் சலங்கையில் பஞ்சு இல்லை, ஓங்கித்தான் தட்டிக்கொண்டிருந்தாள். அதுவும் கேட்கவில்லை. முன்வரிசையின் சலங்கையும் கேட்கவில்லை. அந்த ஸ்பீக்கருக்கு முன்னால் எட்டு ஜோடிச் சலங்கையும் ஒன்றுதான். வாடகைக்கு எடுத்திருந்தாலும், கட்டாமலே ஆடியிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. மிஸ்ஸுக்கு அது முன்பே தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். பல பள்ளிகளில் ஆடவைத்தவர். சலங்கையை அவர் எதற்காக வாங்கச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு யாரோ அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

அம்மா வந்து சேர்ந்தபோது நான் வகுப்பறையில் ஊக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

“முடிஞ்சிச்சா?” என்று கேட்டாள்.

“முடிஞ்சி போச்சிக்கா,” என்றார் மாடி அக்கா.

அம்மா தலையாட்டினாள். சேலை நுனியால் என் உதட்டைத் துடைத்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள். இரண்டில் ஒன்றை அவள் பிடித்திருக்கலாம். நேரத்தோடு கிளம்பியிருந்தால் வேலை இருந்திருக்கும். இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் ஆட்டத்தைப் பார்த்திருப்பாள். இரண்டையும் பிடித்துவிடலாம் என்று நினைத்தாள். அதை இப்போது யோசித்தால் தப்பென்றும் சொல்லத் தோன்றவில்லை, சரியென்றும் சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் கம்பெனி கேட்டிலேயே கார்டை வாங்கிக்கொண்டார்கள். வந்து அப்பாவிடம் சொன்னாள்: “ஒரு நாளுதான சார்னு கேட்டேன். ஒரு நாளுக்குத்தான் வேற ஆளு வச்சேன், அந்த ஆளே இருந்துட்டு போவட்டும்ங்கறான்.” அப்பா, சரி விடு, இனிமேலாவது மனுசன் மாரி ராத்திரில தூங்கு என்றார். அம்மா கோட்டைத் துவைத்துக் காயவைத்து, மடித்து எடுத்துக்கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். வேறு கம்பெனிகளிலும் கேட்டுப் பார்த்தாள். அதே கான்ட்ராக்டர்தான் பாதி கம்பெனிகளுக்கும் ஆள் அனுப்பினார்.

பிறகு பள்ளியில் விழாவின் டிவிடி விற்றார்கள். அம்மா பார்க்கவில்லையே என்று அப்பா அதை வாங்கிவந்தார். பக்கத்து வீட்டிலிருந்து பிளேயர் இரவல் வாங்கி, ஒலியை முழுக்கக் குறைத்துவைத்து மூன்று பேரும் பார்த்தோம். வாழ்த்துரை, வரவேற்புரை, சால்வை எல்லாம் முழுசாக இருந்தன. எங்கள் ஆட்டம் வந்ததும் கேமரா முன்வரிசையில் நடுவில் ஆடியவளின் முகத்துக்குப் போனது. பிறகு சிறப்பு விருந்தினர் முந்திரிப் பருப்புத் தின்பதை வெகுநேரம் காட்டியது. திரும்பி வந்தபோது நாங்கள் வணங்கிக்கொண்டிருந்தோம். என் முழங்கை ஒருமுறை வந்ததாக அப்பா சொன்னார். பின்னால் ஓட்டிப் பார்த்தோம். அது வேறொருத்தியின் முழங்கை.

அந்த வருடக் கடைசித் தேர்வுக்குப் படிக்க விடுமுறை விட்டிருந்தார்கள். ஒரு மத்தியானம். அப்பா டூட்டியில் இருந்தார். அம்மா அரிசி புடைத்துவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள்.

“டிவில ஒண்ணும் தெரியல. நீயே ஆடு, நான் பாக்கறேன்.”

நான் போர்வையை மடித்துப் பாயில் போட்டேன். அது எதற்கு என்று கேட்டாள். இப்படித்தான் ஆடுவேன் என்றேன். ஆணியிலிருந்து சலங்கையை எடுத்து, குன்றத்தூர்க் கடையில் செய்த மாதிரி காதருகில் குலுக்கினாள். திருப்பிப் பார்த்தாள். பிளவுக்குள் வெள்ளையாகத் தெரிந்ததை விரலால் தொட்டாள். அந்தப் பஞ்சு எங்கே கிடைப்பது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை. கம்பெனியில் இருந்தவரை தினமும் அதைத்தான் கூட்டி அள்ளினாள்.

“யாரு வச்சது?”

“மாடி அக்கா. நீ தூங்கினு இருந்த.”

அம்மா கொண்டையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து, பஞ்சை வெளியே இழுக்கத் தொடங்கினாள். நாலைந்து மணிகள் முடிந்திருக்கும். அடுத்ததை இழுத்தபோது சலங்கை கையில் நழுவி, விடுபட்ட மணிகள் மட்டும் சிணுங்கின. நல்ல சத்தம். கடையில் கேட்ட அதே சத்தம். மாடியில் யாரோ இருமினார்கள், கட்டில் கிறீச்சிட்டது. அம்மா சலங்கையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு மேலே பார்த்தாள். பக்கத்து மனையில் போர்வெல் போடும் சத்தம் தாங்காமல் போன வாரம்தான் மாடியில் ஒரு அறையைக் காலி செய்துகொண்டு போயிருந்தார்கள். அப்பாவின் சம்பளத்தோடு அந்த வாடகையில்தான் இப்போது வீடு நடந்தது. என் பள்ளிக் கட்டணமும் அதிலிருந்துதான்.

எடுத்த பஞ்சை அவளே ஒவ்வொன்றாகத் திரும்ப அடைத்தாள். மாடி அக்கா அளவுக்கு நேர்த்தியாக வரவில்லை. பிறகு என் காலில் கட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். “ஆடு,” என்றாள்.

நான் பாட்டை மனதுக்குள் தொடங்கினேன். பின்வரிசையில் எனக்குக் கொடுத்த அசைவுகளை விட்டுவிட்டு, முதலில் கற்றுக்கொண்ட முன்வரிசை அசைவுகளை ஆடினேன். பார்க்க அம்மா ஒருத்திதானே. முதல் சுற்று முழுவதும் அவள் கண் என் காலிலேயே இருந்தது. இரண்டாவது சுற்றில் முகத்துக்கு வந்தது. திரும்பி நின்று ஆடுகிற இடம் முடிந்து நான் மறுபடி அவள் பக்கம் பார்த்தபோது தூங்கிவிட்டிருந்தாள். வேலை போய் வாரக்கணக்கில் ஆகியும் அவள் உடம்பு இன்னும் பகலில்தான் தூங்கிக்கொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஊசி கையிலேயே இருந்தது.

நான் நிறுத்தவில்லை. கடைசியில் இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்தி நிற்க வேண்டும். கைதட்டல் அடங்கும் வரை இறக்கக் கூடாது என்பது மிஸ் சொல்லிக்கொடுத்தது. கைதட்டல் இல்லாத இடத்தில் எப்போது இறக்குவது என்று அவர் சொல்லவில்லை. கை வலிக்கும் வரை நின்றேன்.